ரைபிளோட கண்ணு என் பையில

அழல அண்ணாச்சி. இது அழுகை இல்ல. மூக்கு ஒழுகுது, அவ்வளவுதான். நீங்க ஜன்னல் பக்கம்தான இருக்கீங்க, பின்னாடி வேற ஏதாவது மதுரை வண்டி வருதான்னு கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். வரலியா? வராது. இன்னைக்கு எனக்குன்னு ஒண்ணும் வராது.

சாத்தூரே இன்னும் தாண்டலியே நாம. டிரைவர் என்ன சொல்லுதாருன்னு கேட்டீங்களா? "பெல்ட்டு அத்துபோச்சுய்யா, நான் என்ன பெல்ட்டை மடியில கட்டிக்கிட்டா வாரேன்?" அய்யோ, திரும்பிப் பாக்காதீங்க. அவரு அங்கன எஞ்சினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுதான் நிக்காரு. இப்ப பேசுனது நான். வெத்தலைக் கரகரப்பு அப்படியே வந்துச்சுல்லா? சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்தாங்க. பெறவுதான் பிரச்சனை. என் பிரச்சனை இல்ல, மத்தவங்களுக்குத்தான் இதுல என்னமோ பிரச்சனை.

பேரு பேச்சியம்மாள். இதுக்கும் சிரிக்காதீங்க, அது குலதெய்வம் பேரு. பதினொண்ணாங்கிளாஸ் படிக்கேன். எங்க ஹெச்.எம். முதல் கேஸ் சிலிண்டர் போடுற அண்ணன் வரைக்கும் யாரு குரல் வேணும்னாலும் கேளுங்க, தாரேன். என் குரல் மட்டும் கேக்காதீங்க. கேட்டவங்க யாருமில்ல.

இந்தப் பையை நான் பிள்ளை மாதிரி கட்டிப் புடிச்சிருக்கிறதைத் திருநெல்வேலியில இருந்தே பாத்துக்கிட்டு வாரீங்க. நகை இல்ல அண்ணாச்சி. ஒரு ரைபிளோட கண்ணு. ரெண்டு கண்ணு. பழைய கண்ணும் இதுக்குள்ளதான் கெடக்கு, புதுக் கண்ணும் இதுக்குள்ளதான் கெடக்கு. கண்ணில்லாத ரைபிள் மதுரையில எங்க சுபேதார் சார் கையில இருக்கு. மேட்ச் இன்னைக்கு. இப்ப. நாம இங்க பெல்ட்டு வாங்கப் போன ஆளு திரும்பி வருவாருன்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோமே, இந்நேரம்.

திருதிருன்னு முழிக்காதீங்க, முழுசாச் சொல்லுதேன். சொன்னாத்தான் நீங்க எனக்கு ஒரு போன் பண்ணித் தருவீங்க.

எங்க ஊர்ல ஒரு ரைபிள் கிளப் இருக்கு. பெருசா நினைச்சுராதீங்க, தகரக் கூரை, மண் மேடு, அவ்வளவுதான். நடத்துறவரு சுபேதார் அருமைநாயகம் சார். பட்டாளத்துல இருந்து வந்தவரு. எது பேசுனாலும் "ஹாங், கேளு"ன்னுதான் ஆரம்பிப்பாரு. டீ குடிக்கணும்னாலும், "ஹாங், கேளு, ஒரு டீ சொல்லு." இதை நான் பண்ணா அவரு வீட்டு நாயே எந்திரிச்சு நிக்கும்.

மத்த பிள்ளைங்க எல்லாம் காத்துத் துப்பாக்கி. நான் ஒருத்திதான் பாயிண்ட் டூ டூ. நிஜத் தோட்டா, ஆனா சின்னது, சுண்டுவிரல் நுனி அளவு. துப்பாக்கிக்குள்ள இருக்கிற ஊசி அதோட நடுவுல குத்தாது, விளிம்புல தட்டும், டப்புன்னு போகும். அம்பது மீட்டர் தள்ளி அட்டை. படுத்துக்கிட்டுச் சுடணும். கிளப்புல இருந்தது ஒரே ஒரு ரைபிள், அதுவும் மாவட்டச் சங்கம் இரவலாக் குடுத்தது. அதை முதல்ல பாத்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாணத்துக்குப் போக எங்க மாமா சட்டையை மாட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு. பின்னாடி இருக்கிற மரக்கட்டை ரொம்ப நீளம். தோள்ல வச்சா விரல் விசைக்கு எட்டாது. விரலை எட்டவச்சா கன்னம் கட்டையில படாது, கழுத்து அந்தரத்துல தொங்கும். விசை வேற, துருப்புடிச்ச அடிபம்பு கணக்கா, அமுக்குறதுக்குள்ள குறி எங்கயோ போயிரும்.

சுபேதார் சார்கிட்ட சொன்னேன். "ஹாங், கேளு. நாங்க பனியில இதைவிட மோசமானதுல சுட்டோம்." நீங்க சுட்டீங்க சார், உங்க கை முழங்காலுக்குக் கீழ தொங்குது, எனக்கு அப்படியான்னு கேட்டேன். அவரு குரல்லதான் கேட்டேன். விருட்டுன்னு உள்ள போயிட்டாரு.

ஆனா பாருங்க, மறுநாள் கட்டையை மட்டும் தனியாக் கழட்டி எடுத்துக்கிட்டு என்னைக் கூட்டிக்கிட்டு மரக்கடை சுடலைமுத்து அண்ணன்கிட்டப் போனாரு. துப்பாக்கிக் குழாய் பெட்டிக்குள்ளயே பூட்டியிருந்துச்சு, அதை வெளிய கொண்டுபோகக் கூடாதுல்லா. சுடலைமுத்து அண்ணன் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "என்ன சார் இது, வீணைக்கு வயித்தைக் காணோம்?"ங்காரு. என்னைப் படுக்கச் சொல்லி, தோளை அளந்து, பின்பக்கத்தை ரெண்டு விரக்கடை அறுத்தாரு. கன்னம் படுறதுக்கு உசரம் வேணும். ரப்பர் செருப்பு ஒண்ணை வெட்டி, மேல சைக்கிள் டியூப்பைச் சுத்தி ஒட்டினோம். எந்தக் கால் செருப்புன்னு கேக்காதீங்க, எங்க அம்மா இன்னும் தேடுதா. "ஏட்டி பேச்சி, ஒத்தச் செருப்பை எவ கொண்டு போனா? நாயா, நீயா?" ரெண்டுல நாய்தான்னு நாய் குரல்ல சொல்லிட்டேன்.

விசையை மட்டும் நாங்க தொடல. அது லைசென்சு உள்ள ஆளுதான் செய்யணும். சுபேதார் சார் பேப்பரெல்லாம் எடுத்துக்கிட்டு மதுரைக்குக் கொண்டுபோயிச் சரி பண்ணி வாங்கிட்டு வந்தாரு. பெறவு தோட்டா. எந்தக் கம்பெனித் தோட்டா இந்தக் குழாய்க்கு ஒத்துக்கிடுதுன்னு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தோம். ஒண்ணு அரிசி எறைச்ச மாதிரி சிதறும். ஒண்ணு மட்டும் ஒரே எடத்துல போயி ஒண்டும். அதையே வச்சுக்கிட்டோம். ஒவ்வொண்ணா மாத்த மாத்த, அட்டையில ஓட்டையெல்லாம் கிட்டக் கிட்ட வந்துச்சு அண்ணாச்சி. கொட்டாங்கச்சி அளவு இருந்தது எலுமிச்சம்பழம் அளவாச்சு.

அதுக்கு மேல சுருங்கல. சைட்டு சரியில்ல. அதான், குறி பாக்குற சாமான். பழசு வெறும் இரும்புப் பல்லு, நடுவுல ஒரு வெட்டு. வெட்டைப் பாத்தா முன்னாடி இருக்கிற குமிழு மங்கும், குமிழைப் பாத்தா அட்டை மங்கும். இப்ப எல்லாரும் வச்சிருக்கிறது பீப் சைட்டு. கண்ணுகிட்ட ஊசித் துவாரம் மாதிரி ஒரு ஓட்டை. அதுக்குள்ள பாத்தா ஒலகத்துல வேற எதுவுமே இருக்காது. நீங்க, நான், இந்த பஸ்சு, ஒண்ணும் இருக்காது. ஒரு வளையம், அதுக்குள்ள ஒரு கறுப்புப் பொட்டு.

அது இல்லாம இன்னைக்குத் தகுதி மார்க் வராது. வரலேன்னா ரைபிளைத் திருப்பி எடுத்துக்கிடுவாங்க. ஆமா. இத்தனை நாளா கிளப்புல இருந்து பாயிண்ட் டூ டூவுல யாருமே தகுதி எடுக்கல, இந்த மேட்ச்சுலயும் இல்லேன்னா வேற ஊருக்குக் குடுத்திருவோம்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. நியாயம்தான். ஆனா என் அளவுக்கு அறுத்த கட்டை அண்ணாச்சி அது. என் கன்னம் பட்டுப் பட்டு அந்த டியூப்பு வழுவழுன்னு ஆயிருச்சு. வேற ஊர்ல யாரோ ஒரு நெட்டைப் பயகிட்டக் குடுப்பாங்க. அவன் முதல் காரியமா அந்தச் செருப்பைப் பிச்சுத் தூரப் போடுவான்.

சரி, சைட்டுக்கு வாரேன். கோயம்புத்தூர்ல ஒரு கடைக்காரரு. சுபேதார் சார்தான் சொல்லி வச்சாரு. அவரு பேசுறதைக் கேக்கணுமே. "இன்னிக்கே அனுப்பிப்போடறனுங்க." மறுநாள் கேட்டா, "சித்தெ பொறுங்க, நாளைக்கு வண்டியில வந்துருமுங்க." தேனா ஒழுகும், சாமான் வராது. பாத்தேன். இது மரியாதையாக் கேட்டா ஆகாதுன்னு, நானே போன் போட்டேன். "ஹாங், கேளு! என்ன கடை நடத்துறியா, கண்காட்சி நடத்துறியா? பிள்ளைக்கு மேட்ச் வருது. சைட்டு மாட்டுற பள்ளத்தோட அகலத்தை எழுதிக்க!" அகலம் சொல்லணும்ல, அதுக்காகத்தான் பழைய சைட்டைக் கழட்டிக் கையில வச்சிருந்தேன். கடைக்காரரு அரண்டுட்டாரு. "அய்யோ, ஐயா கோவிச்சுக்காதீங்க, இப்பவே கட்டி பஸ்சுல போட்டுடறனுங்க." போட்டும்ட்டாரு! என்னாலதான சாமான் கெளம்புச்சு? நீங்களே சொல்லுங்க.

பழைய சைட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம்தான். எதுக்கு? புதுசுதான் வருதேன்னு பையில போட்டுக்கிட்டேன்.

இதுல என் தப்பு எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டே வாங்க. மறுநாள் நிஜ சுபேதார் சார் போன் போட்டிருக்காரு. மெதுவா, மரியாதையா, "அனுப்பிட்டீங்களா?"ன்னு. "நேத்து அந்தத் திட்டு திட்டுனீங்களே, அனுப்பாம இருப்பனுங்களா?"ன்னு இவரு சொல்ல, "நான் நேத்து பேசவே இல்லையே!"ன்னு அவரு சொல்ல... கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துருச்சு. ரெண்டு பேருல ஒருத்தர் பொய். யாருன்னு முடிவு பண்ணாரு தெரியுமா? "நேத்துப் பேசினவருதானுங்க சுபேதாரு. பட்டாளத்துக்காரரு அப்படித்தான் பேசுவாரு. நீங்க யாருங்க?" டொக்! வச்சுட்டாரு. பெறவு போனே எடுக்கல.

எந்த பஸ்சுல போட்டாரு, எந்தப் பார்சல் ஆபீஸ்ல எறங்கிச்சு, ஒண்ணும் தெரியல. இன்னைக்கு விடியக்காலம் கிளப் வேன் மதுரைக்குக் கெளம்பிருச்சு. சாமானெல்லாம் பரிசோதனைக்குக் காட்டணும்ல, அதனால சுபேதார் சார் ரைபிளோட போயிட்டாரு. "நீ தேடி எடுத்துக்கிட்டு பஸ்சுல வா"ன்னாரு. தேடினேன். ஒவ்வொரு பார்சல் ஆபீஸா ஏறி எறங்கி, கடைசியில ஒண்ணுல, வாழைத்தார் கட்டுக்குப் பின்னாடி, இந்தப் பெட்டி. கையில எடுத்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சுங்கீங்க? அங்கனயே ஒரு ஆட்டம் போட்டேன். அந்தச் சந்தோசத்துல... சந்தோசம் வந்தா எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? பார்சல் ஆபீஸ்காரரு மூக்கால பேசுவாரு. அவரு ஆபீஸ் போனையே வாங்கி, அவரு குரல்ல சுபேதார் சாருக்குப் போன் போட்டேன். "சார், உங்க பெட்டி தவறுதலா நாகர்கோவிலுக்குப் போயிருச்சு. நாளான்னைக்கு வாங்க."

 அந்தப் பக்கம் சேரை இழுத்து உக்காருற சத்தம். நான் தாங்க முடியாம சிரிச்சு, "சார், நான்தான்! கண்ணு கையில!"ன்னு கத்தினேன்.

பெறவு சொன்னாரு. "ஹாங். கேளு பேச்சி. இனிமே போன்ல நீ என்ன சொன்னாலும் நான் நம்புறதா இல்ல. நேர்ல வந்து நில்லு."

ஒரு தமாசுக்கு இவ்வளவு கோவமா? சிரிக்கத் தெரியாத மனுசன் அண்ணாச்சி.

அதுக்கு மேல நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. வண்டி படுத்துருச்சு. நான் ரெண்டாவது ரிலே, அதாவது ரெண்டாவது கூட்டத்துல சுடணும். இந்த வண்டி பறந்தாலும் அதுக்குப் போய்ச் சேர முடியாது. ஆனா சுபேதார் சார் போயி ஒரு வார்த்தை கேட்டா, கடைசி ரிலேல மாத்திப் போட்டிருவாங்க. ஒரே ஒரு வார்த்தை! போன் போட்டேன். என் குரல்லயே, அண்ணாச்சி. சத்தியமா. அழுதேன்னு வச்சுக்கிடுங்களேன். "ஹாங், அழுகை பரவாயில்ல. மூக்கை உறிஞ்சுறதுதான் கொஞ்சம் ஓவர். சீக்கிரம் வா." வச்சுட்டாரு.

சரி, கண்டக்டர் பேசினா நம்புவாருன்னு அவருகிட்டக் கெஞ்சி போனைக் குடுத்தேன். நல்ல மனுசன், வாங்கினாரு. என்ன பேசினாரு தெரியுமா? "சார், கண்டக்டர் பேசுதேன். வண்டி ரிப்பேர். உங்க பிள்ளை சைட்டு விசயமா வருதாம்லா? லேட்டாகும். பத்திரமெல்லாம் பையிலதான் வச்சிருக்கு. மனை குடுக்கிற பார்ட்டியைக் கொஞ்ச நேரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே இருக்கச் சொல்லுங்க. வாஸ்து பாத்துட்டீங்களா சார்?"

மனை! சைட்டுன்னதும் வீட்டு மனைன்னு எடுத்துக்கிட்டாரு! நான் போனைப் புடுங்குறதுக்குள்ள அந்தப் பக்கம் "ஹாங்"னு ஒரே சத்தம். கட். முடிஞ்சது. இருந்த ஒரு வழியும் போச்சு. ஒலகத்துல எந்தக் கோட்டிக்காரனாவது இதை நம்புவானா?

அதான் அண்ணாச்சி உங்களைக் கும்பிடுதேன். உங்க நம்பர் அவருக்குத் தெரியாது. உங்க குரலும் ஒரு மாதிரி, கோவிச்சுக்காதீங்க, பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி. அது எனக்கே வராது. நான் சொல்றதை அப்படியே சொல்லணும். எங்க, சொல்லுங்க பாப்போம். "பீப் சைட்டும் பழைய சைட்டும் பேச்சியம்மாள்கிட்ட பத்திரமா இருக்கு. ரெண்டாவது ரிலேல இருந்து கடைசி ரிலேக்கு மாத்தச் சொல்லுங்க." சைட்டு இல்ல, பீப் சைட்டு. பீப். ரிலே, ரயிலு இல்ல. ஆங், இப்ப சரி. இன்னொருக்கா. பிரமாதம். ஒரு எழுத்து பிசகல. போடுங்க.

அடிக்குதா? எடுத்துட்டாரா? பேசுங்க, பேசுங்க...

என்ன சொன்னாரு?

என்ன? "இந்தப் பானைக் குரலை எப்ப புடிச்ச? வை"ன்னா?

வச்சுட்டாரா?

இல்ல அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் தப்பாப் பேசல. நல்லாத்தான் பேசுனீங்க. நான் சொல்லிக் குடுத்த மாதிரியேதான் பேசுனீங்க.

இப்ப பாருங்க, இவ்வளவு உண்மையாச் சொல்லியாச்சு. நான் சொல்லி, கண்டக்டர் சொல்லி, நீங்க சொல்லி. எவரும் நம்பல. இனிமே உண்மை பேசிப் பிரயோஜனமில்ல. ஒரே வழிதான் இருக்கு. மேட்ச் ஆபீஸர் நம்பர் என்கிட்ட இருக்கு. ராஜமன்னார் சார். அவருகிட்டயே நேராக் கேட்டிருதேன். பேச்சியம்மாளா இல்ல, சுபேதாரா. பாக்காதீங்க அப்படி. அவரு செய்ய வேண்டியதைத்தான அவருக்காக நான் செய்யப் போறேன்? தண்ணி குடுங்க ஒரு மடக்கு. தொண்டை காஞ்சு கெடக்கு. இப்ப யாரும் இருமக் கூடாது.

"ஹாங், கேளுங்க சார். சுபேதார் அருமைநாயகம். ஆமா சார். நம்ம பேச்சியம்மாள் வர்ற வண்டி சாத்தூர்கிட்ட நின்னுபோச்சு. பொய்யில்ல சார், இது நிஜம். பிள்ளையைக் கடைசி ரிலேல போட்டுக் குடுங்க. நல்லாச் சுடுற பிள்ளை சார். கொஞ்சம் வாயி ஜாஸ்தி, ஆனா நல்லாச் சுடும். அது கையில இருந்து அந்த ரைபிளை வாங்கிராதீங்க சார். நான்... நான் கேக்கேன்..."

...

அண்ணாச்சி. கையால போனைப் பொத்தியிருக்கேன். மெதுவாப் பேசுங்க. அவரு என்ன சொல்லுதாரு தெரியுமா?

"என்ன சுபேதார், மறுபடியுமா? இப்பதான எம் மேஜைக்கு முன்னாடி நின்னு மாத்தி வாங்கிட்டுப் போனீங்க?"ங்காரு. கடைசி ரிலேல போட்டாச்சாம். முன்னாடியே போட்டாச்சாம். நான்தான் சுபேதார்னு நினைச்சு, சுபேதார் சொன்னதையெல்லாம் என்கிட்டயே ஞாபகப்படுத்துதாரு. கண்டக்டர் போன் வந்த உடனே சுபேதார் சார் ஓடி வந்தாராம். "அந்தக் கழுதை நடிச்சிருந்தா சைட்டைப் போயி மனைன்னு சொல்லாது சார், ஒரு எழுத்து பிசகாது அவளுக்கு. யாரோ தெரியாத மனுசன்தான் உளறியிருக்கான். வண்டி நெசமாவே நின்னுருக்கு"ன்னு சொன்னாராம். மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னாராம். "காலையில என்னைக் கொல்லப் பாத்தாளே, கொஞ்ச நேரம் அவளும் தவிக்கட்டும், பிள்ளைகிட்டச் சொல்லிராதீங்க"ன்னும் சொன்னாராம்.

அப்ப உங்ககிட்ட அவரு "வை"ன்னது...

அய்யோ, கண்டக்டர் கத்துதாரு. அந்தா, மதுரை வண்டி. கை காட்டுதாரு. மெதுவா ஆகுது பாருங்க. நிக்குது! நிக்குது அண்ணாச்சி! பையைப் புடிங்க, இல்ல, பையை நான் புடிக்கேன், உங்க செருப்பைப் பாருங்க.

ராஜமன்னார் சார் இன்னும் லைன்லயே இருக்காரு. "சுபேதார்? இப்ப என்ன மாத்தணும், சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒண்ணும் மாத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அவ்வளவுதான் சொல்லணும். வாயைத் தொறந்தா சுபேதார் குரல் வரமாட்டேங்குது. டிரைவர் வரல, அம்மா வரல, ஒருத்தரும் வரல.

எறங்குங்க, எறங்கிக்கிட்டே சொல்லுங்க அண்ணாச்சி. நான் இப்ப இவருகிட்ட யாரு குரல்ல பேசட்டும்?